ஓவனில் முழு உருளைக்கிழங்கு சுடும் முறை: கிழங்கு வாங்குவதிலிருந்து தட்டில் வைப்பது வரை

முழு உருளைக்கிழங்கைத் தோலோடு ஓவனில் சுடுவதற்குப் பெரிதாகச் சாமான் எதுவும் வேண்டாம். கிழங்கு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். மசாலா போட்டுச் சமாளிக்க முடியாத சமையல் என்பதால், செய்முறையில் எங்கே கோட்டை விட்டாலும் அது அப்படியே நாக்கில் தெரிந்துவிடும். சரியாக வந்த கிழங்கைக் கீறி இரண்டு பக்கமும் அழுத்தினால், உள்ளே இருக்கும் சதை வெள்ளை வெளேரென்று பொலபொலத்து மேலே எழும்பி வரும். தோல் மொறுமொறுவென்று உடையும். சரியாக வராத கிழங்கு உள்ளே ஈரம் கோத்து, கனத்து, அவித்ததைப் போலவே இருக்கும். தோலும் கடிபடாமல் இழுக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர்தான். உருளைக்கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குக்கரில் அவிக்கும்போது அந்தத் தண்ணீர் கிழங்கிலேயே தங்கிவிடுகிறது. ஓவனில் சுடும்போது அதில் ஒரு பகுதியை ஆவியாக வெளியே விரட்டுகிறோம். எந்தக் கிழங்கு வாங்குவது, ஏன் குத்துவது, ஏன் ஃபாயில் சுற்றக்கூடாது, ஏன் எடுத்தவுடன் கீறவேண்டும் என்று கீழே வருகிற எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அளவும் நேரமும் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

கிழங்கு: பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும்

உருளைக்கிழங்கைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று மாவுக் கிழங்கு. ஸ்டார்ச் அதிகம், தண்ணீர் குறைவு. வெந்ததும் அதன் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து உதிரும். இன்னொன்று வழவழப்புக் கிழங்கு. வெந்தாலும் துண்டு உடையாமல் நிற்கும். குருமாவுக்கும் சாலட்டுக்கும் அது நல்லது, முழுதாகச் சுடுவதற்கு உதவாது. எவ்வளவு நேரம் ஓவனில் வைத்தாலும் அது மலராது.

அமெரிக்காவில் இதற்கென்றே பெயர் பெற்றது ரஸ்ஸெட் பர்பாங்க் என்ற சொரசொரப்பான தோல் கொண்ட நீளக் கிழங்கு. ஐடஹோ மாநிலத்தின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்ற வகைகளைத் தேடுவார்கள். பெரிய கிழங்கின் மதிப்பை உலகுக்குக் காட்டியதில் ஒரு ரயிலுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரை பருத்துவிட, வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் பன்றிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் உணவுப் பெட்டிகளைக் கவனித்துவந்த ஹேசன் டைட்டஸ் அவற்றை வாங்கி, முழுதாகச் சுட்டு, வெண்ணெய் வைத்துப் பரிமாறச் செய்தார். 1909 முதல் பத்து சென்ட்டுக்கு விற்ற அந்தக் கிழங்குதான் பிறகு அந்த ரயில் நிறுவனத்தின் விளம்பரமே ஆனது.

நம் ஊர்க் காய்கறிக் கடையில் வகைப் பெயர் சொல்லி யாரும் விற்பதில்லை. ஊட்டி, கோலார், ஆக்ரா, குஜராத் என்று ஊர்ப் பெயர்தான் சொல்வார்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் வகைகள் இருக்கின்றன. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் வகைகளின் பெயரெல்லாம் குஃப்ரி என்று தொடங்கும். சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர் அது. 1968இல் வந்த குஃப்ரி ஜோதி நீலகிரி உட்படப் பல இடங்களில் பரவலாகப் பயிரானது. 1998இல் வந்த குஃப்ரி சிப்சோனா, சிப்ஸ் கம்பெனிகளுக்காகவே உருவாக்கப்பட்டது. தண்ணீர் குறைவு, மாவு அதிகம், சர்க்கரை குறைவு. சுடுவதற்கு அதைவிட நல்லது இங்கே கிடைப்பது அரிது. கடைக்காரரிடம் ‘சிப்ஸ் போடுகிற கிழங்கு இருக்கா’ என்று கேளுங்கள். அவருக்குப் புரியும். அது இல்லையென்றால் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கில் பெரிதாகப் பொறுக்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்தச் சமையலுக்குக் கொடுக்கலாம். சதை மஞ்சளாகவும் தோல் மெல்லிசாக வழுவழுவென்றும் இருக்கும் குஃப்ரி புக்ராஜ் மாதிரிக் கிழங்குகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கையில் இருக்கும் கிழங்கு எந்த வகை என்று தெரியாவிட்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்தரை கப் தண்ணீரில் அரை கப் உப்பைக் கரைத்து, அதில் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் தண்ணீர் அதிகமுள்ள கிழங்கு. ஸ்டார்ச் கூடக் கூடக் கிழங்கின் அடர்த்தியும் கூடும் என்பதே இதன் அடிப்படை. ஒரே பையில் வாங்கிய கிழங்கிலேயே சிலது மூழ்கி சிலது மிதப்பதைப் பார்க்கலாம். மிதப்பதைப் பொரியலுக்கு எடுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம், குளிர். வட இந்தியக் கிழங்கு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தோண்டப்பட்டுக் குளிர்பதனக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கடும் குளிரில் கிழங்கின் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கு சாப்பிட்டால் இனிக்கும், ஓவனில் சீக்கிரம் கறுக்கும், உள்ளேயும் மாவாக வராது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான். உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளிச்சம் படாத, காற்று வருகிற மூலையில் கூடையில் போட்டு வையுங்கள். இனிப்புக் கிழங்கு வந்து மாட்டிக்கொண்டால் ஒன்றிரண்டு வாரம் வெளியே வைத்திருந்தால் இனிப்பு ஓரளவு குறையும்.

தோல் பச்சையாக இருக்கும் கிழங்கு இந்தச் சமையலுக்கு வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான இடத்தில் சோலனின் என்ற கசப்பு நச்சு சேர்ந்திருக்கும். ஓவன் சூடு அதை ஒழிக்காது. பொரியல் என்றால் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். இங்கே தோலையும் சேர்த்துச் சாப்பிடப்போகிறோம்.

அளவு ஒரு கிழங்கு 200 முதல் 300 கிராம் வரை இருந்தால் போதும், ஒரு ஆளுக்கு ஒன்று. அளவு எப்படியிருந்தாலும், ஒரே தடவையில் சுடுகிறவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று தீய்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று நடுவில் கல்லாக நிற்கும்.

ஓவன்

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மேலும் கீழும் சூடேற்றும் ராட் உள்ள ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவன், அல்லது கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும்) வசதியுள்ள மைக்ரோவேவ். இரண்டிலும் இது நன்றாக வரும். கன்வெக்‌ஷன் இல்லாத வெறும் மைக்ரோவேவில் கிழங்கு வேகும், ஆனால் தோல் மொறுமொறுக்காது. அதை ஒரு குறுக்கு வழிக்கு மட்டும் பயன்படுத்தலாம், கடைசியில் சொல்கிறேன்.

ஓடிஜியை 220 டிகிரி செல்சியஸில் வைத்து, மேல் ராட், கீழ் ராட் இரண்டும் எரியும்படி குமிழைத் திருப்புங்கள். மின்விசிறி இருந்தால் போடுங்கள், அப்போது 200 டிகிரி போதும். கிழங்கு போடுவதற்கு முன் ஓவன் வெறுமனே 15 நிமிடமாவது சூடாக வேண்டும். பாதிச் சூட்டில் உள்ளே போன கிழங்கின் தோல் காய்வதற்குள் உள்ளே வெந்து குழைந்துவிடும்.

குமிழில் 220 என்று எழுதியிருப்பதால் உள்ளே 220 இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஓவன்களில் இருபது முப்பது டிகிரி வித்தியாசம் சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப்போட்டால் உருளைக்கிழங்குக்கு மட்டுமில்லை, கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் புண்ணியமாகப் போகும்.

பிளக் பற்றி ஒரு வார்த்தை. 1,500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடுகிற சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டக்கூடாது. ஃப்ரிட்ஜ், கீசர் போடுகிற 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. மின்சாரம் எவ்வளவு ஆகும் என்றால், ஒரு மணி நேரம் நிற்காமல் எரிந்தால் ஒன்றரை யூனிட். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணைப்பதால் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஒற்றைக் கிழங்குக்கு ஓவனை மூட்டாமல் ஆறு எட்டாகச் சேர்த்துப் போடுவதுதான் கட்டுப்படியாகும்.

கழுவுதல், குத்துதல், உப்புத் தண்ணீரில் முக்குதல்

தோலைச் சாப்பிடப்போவதால் மண் ஒரு துளி இருக்கக்கூடாது. குழாயடியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷோ தேங்காய் நாரோ கொண்டு தேயுங்கள். கண்கள் இருக்கிற குழிகளில்தான் மண் ஒளிந்திருக்கும். முளை இருந்தால் கத்தி முனையால் குடைந்து எடுத்துவிடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடையுங்கள்.

முள்கரண்டியால் ஒவ்வொரு கிழங்கையும் சுற்றிலும் ஆறு எட்டு இடத்தில், அரை விரல்கடை ஆழத்துக்குக் குத்துங்கள். உள்ளே ஆவி சேரும்போது வெளியேற வழி இல்லையென்றால் கிழங்கு வெடிக்கலாம். எப்போதும் வெடிக்காதுதான். ஆனால் வெடித்தால் ஓவன் முழுவதும் அப்பிக்கொண்ட மாவைச் சுரண்டுவது பெரிய வேலை.

அடுத்தது, பல செய்முறைகளில் இல்லாத ஒரு படி. அரை கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, குத்திய கிழங்கை அதில் உருட்டி எடுங்கள். துடைக்க வேண்டாம், அப்படியே ஓவனுக்குள் போகலாம். தண்ணீர் சில நிமிடங்களில் காய்ந்து, தோல் முழுக்க மெல்லிசாக ஒரே சீராக உப்பு படிந்திருக்கும். மேலே தூவுகிற உப்பு ஒரு பக்கம் ஒட்டும், மறு பக்கம் உதிரும். இந்த முறையில் அந்தப் பிரச்சினை இல்லை.

எண்ணெய் எங்கே என்று கேட்பீர்கள். அது இப்போது வேண்டாம். பெரும்பாலோர் முதலிலேயே எண்ணெய் தடவித்தான் சுடுகிறார்கள், அப்படியும் நன்றாகவே வரும். ஆனால் வேகாத தோலில் எண்ணெய் தடவினால் ஈரம் வெளியேற அது தடையாக இருக்கிறது. முதலில் தோல் வறண்டு காயட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் எண்ணெய் தடவினால், காய்ந்த தோல் அந்த எண்ணெயில் பொரிகிற மாதிரி மொறுமொறுத்துவிடும். இரண்டு முறையிலும் ஒவ்வொன்று சுட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சுடுதல்

கிழங்குகளை நேராகக் கம்பித் தட்டின் மேல், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நடு அடுக்கில் வையுங்கள். துளையில்லாத தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஆவி சிக்கி, அந்த இடம் மட்டும் ஈரமாகவும் கடினமாகவும் ஆகிவிடும். கீழே சொட்டுவதற்குப் பயந்தால் கடைசி அடுக்கில் ஒரு காலித் தட்டை வைத்துக்கொள்ளுங்கள், கீழ் ராடின் சூடு முழுவதையும் மறைக்காத சின்னத் தட்டாக.

220 டிகிரியில் 200 கிராம் கிழங்குக்கு 45 முதல் 50 நிமிடம், 250 கிராமுக்கு ஒரு மணி நேரம், 300 கிராமுக்கு மேல் போனால் ஒரு மணி பத்து நிமிடம் அல்லது அதற்கும் மேல் ஆகும். பாதி நேரத்தில் இடுக்கியால் ஒருமுறை திருப்பிவிடுங்கள். சின்ன ஓடிஜியில் பின்பக்கம் இருப்பதை முன்னுக்கும் முன்பக்கம் இருப்பதைப் பின்னுக்கும் மாற்றுவது நல்லது. அதைத் தவிர கதவை அடிக்கடி திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு மொத்தமாக வெளியே போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டீர்கள். கிழங்கின் உட்சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது ஸ்டார்ச் மணிகள் சுற்றியிருக்கும் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். அப்போது ஈர்க்கு ஓரளவு உள்ளே போகும், ஆனால் சாப்பிட்டால் இன்னும் பச்சை வாடை இருக்கும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதற்கு 85, 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அது கரைந்த பிறகுதான் கிழங்கு மாவாக உதிரும். நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம். 90இல் எடுத்த கிழங்கும் வெந்ததுதான், சாப்பிடலாம்தான். ஆனால் பொலபொலப்பு இருக்காது. கடைசி அந்தச் சில டிகிரிக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்.

இறைச்சிக்குப் பயன்படுத்தும் குத்து தெர்மாமீட்டர் இருந்தால் அளந்துவிடலாம். இல்லையென்றால் மெல்லிய கத்தியையோ கம்பியையோ பருத்த இடத்தில் குத்துங்கள். தடங்கலே இல்லாமல், நடுவில் எங்கேயும் தட்டாமல் மறுபக்கம் வரை போக வேண்டும். பிறகு கையில் தடித்த துணி போட்டுப் பக்கவாட்டில் லேசாக அழுத்துங்கள். உள்ளே சதை நெகிழ்ந்து கொடுக்கும், தோல் சன்னமாகப் படபடவென்று விரிசல் விடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் முடிந்தது.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈரமுள்ள கிழங்கின் உட்சூடு தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டாது. கடல் மட்டத்தில் அது 100 டிகிரி. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நீங்கள் எவ்வளவு நேரம் வைத்தாலும் தெர்மாமீட்டரில் 96 வராது. அளவுகோலைக் கம்பிச் சோதனையாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன நேரத்தோடு கால் மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். சமவெளியில் சுடுகிறவர்கள் தேடி வாங்கும் கிழங்கு உங்களுக்குத் தோட்டத்திலிருந்து நேராகக் கிடைக்கிறதே, அந்தக் கால் மணி நேரம் பெரிதில்லை.

கம்பி சுலபமாகப் போக ஆரம்பித்ததும் கிழங்கை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் மேலெல்லாம் எண்ணெய் தடவி, மறுபடி பத்து நிமிடம் உள்ளே வையுங்கள். கடலை எண்ணெய் நன்றாக இருக்கும். நெய்யும் நன்றாக இருக்கும், வாசனை தூக்கும். வெண்ணெய் மட்டும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், அதிலிருக்கும் பால் சத்து இந்தச் சூட்டில் கருகிவிடும்.

அலுமினியம் ஃபாயில் வேண்டாம்

இதில் எனக்கு மறு கருத்தே இல்லை. ஹோட்டலில் பளபளவென்று ஃபாயிலில் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் சுற்றுகிறார்கள். ஃபாயிலுக்குள் கிழங்கு தன் ஆவியிலேயே வேகிறது. சூடான இட்லியை மூடி போட்டு வைத்தால் வியர்த்து நசநசத்துப்போகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கும். வெளியேற வேண்டிய தண்ணீர் தோலுக்கே திரும்பி வருகிறது. அப்படிச் செய்வதானால் குக்கரில் நாலு விசில் விட்டுவிடலாம், மின்சாரமாவது மிச்சம்.

ருசியை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரில் 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வந்தது. ஃபாயில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளைப் பிரிக்காமல் வெளியிலேயே விட்டுவைத்து, பிறகு அவற்றை மசித்துச் செய்த ஒரு தொடுகறிதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இந்த நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை. கிழங்கின் உட்சூடு நூறைத் தாண்டாததால் அவை ஓவனில் சாவதில்லை. ஃபாயிலுக்குள் காற்று இல்லை, ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. அறைச் சூட்டில் அப்படியே விட்டால் அவை முளைத்து நச்சை உண்டாக்க எல்லாம் வசதியாக அமைந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். தணலில் சுட வேண்டியிருந்து ஃபாயில் தவிர்க்க முடியாமல் போனால், வெந்த உடனே பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் ஃபாயிலை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எடுத்ததும் கீறுங்கள்

கிழங்கு வெளியே வந்த நிமிடமே செய்ய வேண்டிய வேலை இது. போன் வந்தாலும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். கீறாமல் வைத்தால் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, அதுவரை உதிரியாக இருந்த மாவு கெட்டிப்பட்டுக் கொழகொழத்துவிடும்.

நீளவாக்கில் ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல், கூட்டல் குறி மாதிரி. முழுவதும் வெட்டிவிடாமல் முக்கால் ஆழத்துக்குப் போதும். பிறகு இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு, கிழங்கின் இரண்டு முனைகளையும் நடுவை நோக்கி, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் நெருக்குங்கள். குபுக்கென்று ஆவி வரும். விரலை அந்தப் பக்கம் வைக்காதீர்கள், ஆவி சுட்டால் கொதிநீர் சுட்டதைவிட மோசம். ஆவிக்குப் பின்னாலேயே சதை நான்கு மூலையிலும் பிளந்து மேலே வரும். நன்றாக வெந்த மாவுக் கிழங்கில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, ஓரங்களில் லேசாக மினுமினுத்துக்கொண்டு தெரியும். ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், மிச்ச ஆவியும் போகட்டும். முள்கரண்டியால் உள்ளே இரண்டு தடவை கிளறி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, அதற்கப்புறம்தான் வெண்ணெய்.

மேலே என்ன வைக்கலாம்

முதல் தடவை சுடுகிறவர்கள் தயவுசெய்து வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் மட்டும் வைத்துச் சாப்பிடுங்கள். கிழங்கின் ருசி என்ன என்று அதில்தான் தெரியும். வெண்ணெய் உறைந்த கட்டியாக, குளிர்ச்சியாகவே இருக்கட்டும். சூட்டில் மெதுவாக உருகி மாவுக்குள் இறங்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதை ஜாக்கெட் பொட்டேட்டோ என்று மதிய உணவாகவே சாப்பிடுகிறார்கள். தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸும் துருவிய செடார் சீஸும் வைப்பது அங்கே நாள்பட்ட பழக்கம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெருக்களில், அடியில் நெருப்பு வைத்த தகர டப்பாவில் சுட்ட கிழங்கு விற்பவர்கள் இருந்தார்கள். குளிருக்குக் கை காய்ச்சிக்கொள்ளவே வாங்கியவர்களும் உண்டாம். துருக்கியில் இதற்கு கும்பிர் என்று பெயர், இஸ்தான்புல்லின் ஓர்தாகோய் பகுதி அதற்குப் பேர்போனது. அவர்கள் செய்வதில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கீறியவுடன் தோலுக்குள்ளேயே சதையை வெண்ணெயோடும் காஷர் என்ற சீஸோடும் சேர்த்து இழுபடுகிற பதத்துக்கு நன்றாகப் பிசைந்துவிடுவார்கள். அதன் மேல்தான் ஆலிவ், ஊறுகாய், சோளம், சாசேஜ் எல்லாம் ஏறும். அதனால் எந்த வாயிலும் வெறும் கிழங்கு அகப்படாது. நம் வீட்டில் காஷருக்குப் பதில் மொசரெல்லா போடலாம்.

நம் சமையலறையில் இருப்பதைக் கொண்டு செய்வதானால் என் முதல் தேர்வு கெட்டித் தயிர். தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, உப்பு சேர்த்து அடித்து, கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். வெளிநாட்டில் சவர் க்ரீம் செய்யும் வேலையை இது இன்னும் நன்றாகவே செய்யும். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்தால் அதுவும் அருமை. பூண்டுப் பொடி என்றால் இன்னும் ஒரு படி மேல். குழம்பு, குருமா மாதிரி நீர்த்த எதையும் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரம் தண்ணீரை விரட்டிவிட்டு, கடைசியில் நாமே திரும்ப ஊற்றியது போல் ஆகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: மாவாகச் சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பாதிக் கிழங்கோடு நிறுத்தி, முட்டை, பனீர், சுண்டல் என்று புரதம் உள்ளதைச் சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. மற்றபடி இது ஒன்றும் கொழுப்பு உணவில்லை. தோலோடு சுட்ட கிழங்கு 100 கிராமில் 93 கலோரிதான். பொட்டாசியம் 535 மில்லிகிராம் இருக்கிறது. கலோரியை ஏற்றுவது மேலே நாம் வைக்கிறவைதான்.

நேரம் இல்லாதபோது

குத்திய கிழங்கை மைக்ரோவேவில் முழு சக்தியில் வைத்து, பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டு வேக வையுங்கள். ஒரு கிழங்குக்கு நாலைந்து நிமிடம், இரண்டுக்கு எட்டு நிமிடம் வரை ஆகும். கம்பி கொஞ்சம் தடையோடு உள்ளே போகும் பதம் வந்ததும், உப்புத் தண்ணீரில் உருட்டி, ஏற்கெனவே சூடாகியிருக்கும் 220 டிகிரி ஓவனில் 20 நிமிடம் சுட்டு, எண்ணெய் தடவி இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே பொலபொலப்பு கொஞ்சம் குறையும், தோல் கிட்டத்தட்ட அதே தரத்துக்கு வந்துவிடும். வேலைநாள் இரவுக்கு இது போதும்.

சுட்ட பிறகும் நடுவில் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் ஓவன் காட்டுகிற அளவுக்குச் சூடாகவில்லை என்று பொருள், அல்லது கிழங்குகளை நெருக்கி அடுக்கியிருப்பீர்கள். கீறிய பிறகு கவனித்தால் கீறலை மூடாமல் அப்படியே மறுபடி உள்ளே வையுங்கள், கால் மணி நேரத்தில் சரியாகும். தோல் கறுத்து உள்ளே வேகாமல் இருந்தால் மேல் ராடுக்கு மிக அருகில் வைத்திருக்கிறீர்கள், ஒரு அடுக்கு கீழே இறக்குங்கள். உள்ளே நன்றாக வெந்தும் மாவாக வரவில்லை என்றால் வகைதான் காரணம். அந்த மிச்சக் கிழங்கை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமானால்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், ஓவனில் 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் தோல் திரும்ப மொறுமொறுக்கும்.

ஆனால் மிச்சக் கிழங்கை முழுதாகவே மறுபடி சுடுவதைவிட, இரண்டாகப் பிளந்து, தோலை ஒட்டி ஒரு விரல்கடை சதை விட்டுவிட்டு மீதியை ஸ்பூனால் வழித்தெடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்தது. வழித்த மாவில் சீஸ், நறுக்கிய வெங்காயத்தாள், மிளகு, ஒரு கரண்டி பால் சேர்த்துப் பிசைந்து, மறுபடி தோல் கிண்ணத்தில் நிரப்பி, 220 டிகிரியில் மேல்பக்கம் பொன்னிறமாகும் வரை சுடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். நிரப்புவதற்கு முன் வெறும் தோல் கிண்ணங்களுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, கவிழ்த்து வைத்துப் பத்து நிமிடம் சுட்டுக்கொண்டால், நிரப்பிய பிறகும் நமுத்துப்போகாது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு நாலு கிண்ணம் தயாராக இருந்தால் ராத்திரி வரை வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.